மறக்கத் தெரிந்த தசை

நாற்பத்து மூன்றாம் வயதில் ஹில்டாவால் சாக்பீஸைப் பிடிக்க முடியாமல் போயிற்று. தூத்துக்குடியில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் அவள் இயற்பியல் ஆசிரியை. ஆறு வருடமாக முடக்குவாதம். காலையில் விரல்களை விரிப்பதற்கே முக்கால் மணி நேரம் வெந்நீரில் கையை வைத்திருக்க வேண்டும். மாத்திரைகள் வலியைக் குறைத்தன. ஆனால் முகத்தை ஊதவைத்தன, சர்க்கரையைக் கொண்டுவந்தன, எலும்பையும் அரித்தன. கணவர் ஜெரால்டு அவளுக்குச் சடை பின்னிவிடக் கற்றுக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் புது ஊசி வந்தது. டாக்டர் சண்முகவடிவு தன் தொடையைத் தட்டிக் காட்டி அவளுக்கு விளக்கினார்.

“இந்த ஊசி மருந்து இல்ல டீச்சர். மருந்து செய்யக் கத்துக்கொடுக்குற ஊசி. ஒரே ஒரு தடவை தசையில போடுவோம். அப்புறம் உங்க தசையே மருந்தைச் சுரந்து ரத்தத்துல விடும். மூட்டு வீக்கம் அடங்கிரும். மாத்திரையெல்லாம் நிறுத்திரலாம்.”

“நான் என்ன செய்யணும்?”

“அங்கதான் விஷயம் இருக்கு. தசை சும்மா சுரக்காது. நடக்குறது, யோகா பண்றதெல்லாம் போதாது. பாரம் தூக்கி, இதுக்கு மேல முடியாதுன்னு அது திணறுனாத்தான் சுரக்கும்.”

“பாரம்னா?”

“ஜிம்முல பண்ணுறாங்கல்லா, பாடி பில்டிங். அதேதான்.”

ஹில்டா தன் விரல்களைப் பார்த்தாள். காபி டம்ளரைத் தூக்கவே இரண்டு கையும் தேவைப்பட்டது. ஆனாலும் பயத்துக்கு முன்னால் அவளுக்குக் கேள்விதான் வந்தது.

“எவ்வளவு திணறலுக்கு எவ்வளவு மருந்து டாக்டர்?”

டாக்டர் சிரித்தார். “அதை நீங்களே அளந்து எனக்குச் சொல்லுங்க.”

துறைமுகச் சாலையில், லாரி டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது ஜிம். நடத்திய ரீகன் மாஸ்டர் முப்பது வருடமாக இரும்போடு வாழ்பவர். புடவையோடு வந்து நின்ற ஆசிரியையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கை பிடிக்கலன்னா விடுங்க மேடம், தோள் இருக்குல்லா” என்றார். கம்பியில் துண்டைச் சுற்றி அவள் தோளில் வைத்து, மணிக்கட்டுகளைப் பட்டையால் அதோடு கட்டினார். வெறும் கம்பியே இருபது கிலோ. உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. மாஸ்டர்தான் பின்னாலிருந்து தூக்கி நிறுத்தினார்.

ஐந்தாவது வாரம் ஒருநாள் பள்ளி பிரேயரில் நின்றபோதுதான், அன்று காலை வெந்நீர் வைக்க மறந்துவிட்டது அவளுக்கு உறைத்தது.

அதன்பிறகு அவள் ஜிம்மை விடவில்லை. இருபது முப்பதாயிற்று, முப்பது ஐம்பதாயிற்று. தோள் அகன்றது. ஜாக்கெட்டுக்கு அளவெடுத்த தையல்காரர் கைச் சுற்றளவை நம்பாமல் டேப்பை இன்னொரு தடவை சுற்றிப் பார்த்தார். மாணவிகள் வரிசையில் நின்று அவள் புஜத்தை அமுக்கிப் பார்த்தார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்து வரும்போது சில பெண்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஜெரால்டு வீட்டில் அவள் உடம்பைக் கேலி செய்து சிரிப்பார். ஆனால் உறவுக்காரர் கல்யாணத்தில் போட்டோ எடுத்தபோது அவளைவிட்டு அரை அடி தள்ளி நின்றார். ஹில்டா அதைக் கவனித்தாள், கேட்கவில்லை. சடையை அவளே பின்னிக்கொண்டாள். அது போதுமென்று நினைத்தாள்.

நான்கு வருடம் அப்படிப் போயிற்று. டாக்டர் சொன்னபடியே அவள் அளந்துகொண்டு வந்தாள். மாதாமாதம் ரத்தத்தில் மருந்தின் அளவு, அதற்காகத் தூக்கிய எடை, இரண்டையும் வரைபடத் தாளில் புள்ளி வைப்பாள். ஒரு கோடை விடுமுறையில் அந்தப் புள்ளிகளை இணைத்தாள். ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேர்கோடு வந்தது. முதலில் இருபது கிலோவுக்குக் கிடைத்த அதே மருந்துக்கு இப்போது எண்பத்து நான்கு கிலோ தேவைப்பட்டது. வருடத்துக்குப் பதினாறு கிலோ ஏற்றம். தசைக்குப் பாரம் பழகிவிடுகிறது. பழகிய பாரத்துக்கு அது திணறுவதில்லை, திணறாவிட்டால் சுரப்பதுமில்லை.

கோட்டை மேலே நீட்டினாள். ஐம்பத்தைந்து வயதில் இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ.

தாளை எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போனாள். டாக்டர் கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

“தெரியும் டீச்சர்.”

“எப்ப இருந்து?”

“ரெண்டு வருஷமா. ஊசியை ரெண்டாம் தடவை போட்டா உடம்பு ஏத்துக்காது. அதுக்குள்ள வேற வழி வந்துரும்னு நெனச்சோம்.”

“வந்துச்சா?”

டாக்டர் தாளை மடித்து அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு ஹில்டா பெஞ்சில் காத்திருந்தபோது, பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தாள். பாதம் வெடித்து, வெடிப்புகளில் வெள்ளை படிந்திருந்தது. கையில் ஹில்டா வைத்திருந்த அதே நீலச் சீட்டு.

“உங்களுக்கும் இந்த ஊசிதானா? எந்த ஜிம்முக்குப் போறீங்க?”

“ஜிம்மா? நல்லாச் சொன்னிய போங்க. நான் உப்பளத்துல தலைச்சுமை தூக்குதேன். பேரு முத்துப்பேச்சி.”

“எத்தனை கிலோ தூக்குறீங்க?”

“பெட்டி ஒண்ணு முப்பது இருக்கும்.”

“ஊசி போட்டு எத்தனை வருஷம்?”

“மூணு முடிஞ்சிட்டு.”

“மூணு வருஷமா அதே முப்பதா?”

முத்துப்பேச்சி அவளை விநோதமாகப் பார்த்தாள். “பெட்டி வளருமா என்ன?”

ஹில்டாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. டாக்டரைக் கேட்டாள். பேச்சியின் அளவுகள் ஏறுகின்றன, இறங்குகின்றன, என்ன பாரம் எத்தனை தடவை என்பதற்குப் பதிவு இல்லாததால் ஊசியைப் பற்றிய ஆய்வில் சேர்க்கவில்லை என்றார் டாக்டர். ‘சேர்க்கவில்லை’ என்ற சொல் அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. வகுப்பில் எந்த மாணவியின் சோதனையில் விடை தப்பாக வருகிறதோ, அவளிடம்தான் முதலில் போவது ஹில்டாவின் வழக்கம்.

சனிக்கிழமை உப்பளத்துக்குப் போனாள். ஆகஸ்ட் வெயில் பாத்திகளில் பட்டுக் கண்ணைக் குத்தியது. பெண்கள் உப்பைப் பெட்டியில் அள்ளி, தலையில் துணிச் சும்மாட்டின் மேல் ஏற்றி, வழுக்கும் வரப்பில் நடந்துபோய் அம்பாரக் குவியலில் கொட்டிவிட்டு வந்தார்கள். பேச்சி ஓய்ந்து உட்கார்ந்தபோது ஹில்டா கேட்டாள்.

“வருஷம் பூரா இதே வேலைதானா?”

“மழைல ஏது வேலை? ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூணு மாசமும் பாத்தி பூரா தண்ணி. வீட்டுல கெடக்க வேண்டியதுதான். அப்பத்தான் இந்த நோவு என்னயப் போட்டு முறிக்கும். கை காலெல்லாம் வீங்கிரும். எந்திரிச்சு நடக்க மக வந்து தாங்கணும். அவ படிப்ப விட்டுட்டு ஹாஸ்டல்லருந்து வருவா.”

“அப்புறம்?”

“அப்புறம் தை பொறந்ததும் பல்லக் கடிச்சிட்டு மறுபடியும் பெட்டியத் தூக்குவேன். பத்து நாள்ல நோவு போயிரும்.”

“அதே முப்பது கிலோ பெட்டி?”

“அதேதான். எத்தன வாட்டி கேப்பிய?”

ஹில்டா வரப்பிலேயே நின்றுவிட்டாள். மூன்று மாதம் தூக்காமல் இருந்தால் தசை மறந்துவிடுகிறது. மறந்த தசைக்கு முப்பது கிலோவும் புதுப் பாரம், மறுபடி திணறுகிறது. கோடு மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஆனால் மறக்கிற காலம் முழுக்க நோய் தின்னும்.

டாக்டரிடம் அவள் சொன்ன யோசனை எளிமையானது. இருவருக்கும் ஒரே வகை ரத்தம். ஒருத்தி ஓய்வெடுத்துத் தசையை மறக்கவிடட்டும். அந்தக் காலத்தில் மற்றவள் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தூக்கட்டும். தூக்குகிறவளின் ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவை, அந்த மஞ்சள் நீரை மட்டும், வாரம் ஒருமுறை மருத்துவமனையில் பிரித்து மற்றவளுக்கு ஏற்றலாம். பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். “நீங்க தூக்குற பாரத்துல அவங்க பிழைக்கணும். அவங்க தூக்குறதுல நீங்க பிழைக்கணும். ஒருத்தர் ஏமாத்துனா?”

“ஏமாத்த மாட்டோம்.”

“இது கணக்கு இல்ல டீச்சர், மனுஷங்க.”

பேச்சி உடனே சம்மதித்தாள்; மருத்துவமனையில் அனுமதி வாங்க ஒரு மாதம் ஆயிற்று. மழைக்காலம் நெருங்கியதால் முதலில் தூக்குவது ஹில்டா என்று முடிவானது.

இரண்டு பேருக்கான மருந்து சுரக்க எண்பத்து நான்கு போதாது. அக்டோபரில் தொண்ணூற்றைந்து தூக்கினாள், நவம்பரில் நூற்று மூன்று, டிசம்பரில் நூற்றுப் பன்னிரண்டு. முட்டி கடகடத்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் எழ யோசிக்க வேண்டியிருந்தது. ரீகன் மாஸ்டர் இரண்டு பக்கமும் ஆள் நிறுத்திவிட்டு, “மேடம், போட்டிக்குப் போறவன்கூட இப்படிச் சாவலயே, யாருக்காக?” என்றார். “உப்பளத்துல ஒருத்திக்காக” என்றாள் ஹில்டா. அவருக்கு விளங்கவில்லை. ஆனால் மறுநாள் முதல் அவள் செட் முடிக்கும்வரை யாரையும் பாட்டுப் போட விடவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் இருவரும் அடுத்தடுத்த படுக்கையில் படுத்திருப்பார்கள். ஹில்டாவிடமிருந்து எடுத்த மஞ்சள் நீர் பையிலிருந்து பேச்சியின் கைக்குள் இறங்கும். பேச்சி அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

“நீங்க தூக்குனதுதானா டீச்சர் எனக்குள்ள ஓடுது?”

“ஆமா.”

“எனக்காவ இதுவரைக்கும் யாரும் ஒரு குடம் தண்ணி தூக்குனதில்ல” என்று பேச்சி சிரித்தாள். அந்த மழைக்காலத்தில் அவள் விரல்கூட வீங்கவில்லை. மகள் ஹாஸ்டலிலேயே இருந்து பரீட்சை எழுதினாள்.

தை பிறந்தது. இனிப் பேச்சி தூக்க வேண்டிய முறை; ஹில்டா இரும்பை வைத்துவிட்டாள். முதல் வாரம் சொர்க்கமாக இருந்தது. இரண்டாம் வாரம் காலையில் விரல்கள் இறுகின. மூன்றாம் வாரம் வகுப்பில் ஒளிவிலகலை எழுதிக்கொண்டிருந்தபோது சாக்பீஸ் நழுவி விழுந்தது. ஒரு மாணவி எடுத்துக் கொடுத்தாள். அது மறுபடியும் விழுந்தது.

டாக்டர் இருவரையும் வரச் சொன்னார். பேச்சியின் ரத்தத்தில் அவளுக்கே மட்டுமட்டாகத்தான் மருந்து இருந்தது. அவளுடைய தசை எதையும் மறந்திருக்கவில்லை.

“மழைல என்ன செஞ்ச பேச்சி?” ஹில்டாவின் குரல் வகுப்பறைக் குரலாக மாறியிருந்தது.

“என்ன செஞ்சேன்? வீடு கட்டுற எடத்துல சித்தாள் வேல பாத்தேன். காங்கிரீட் சட்டி தூக்கினேன்.”

“சட்டி தூக்கினியா! சும்மா இருக்கணும்னு சொன்னோம்ல?”

“உப்பளத்துக்குப் போவாம சும்மாதான இருந்தேன்!”

“எதையும் தூக்கக் கூடாதுன்னு அர்த்தம் பேச்சி. நான் உனக்காக முட்டி தேய...” ஹில்டா கையை மேசையில் ஊன்றி எழ முயன்றாள், விரல்கள் மடங்கவில்லை.

டாக்டர் மெதுவாகச் சொன்னார். “தப்பு எங்களோடது. உங்க மருந்தும் அவங்க ரத்தத்துல கலந்து இருந்ததால, அவங்க தசை செய்யுறது எங்களுக்குத் தனியாத் தெரியல.”

முத்துப்பேச்சி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “நோவு இருந்தா நான் படுத்துக் கெடப்பேன் டீச்சர். மழைக்கு மழ அப்படித்தான் கெடந்திருக்கேன். இந்த வாட்டி நோவு இல்ல. கையும் காலும் நல்லாருக்கு. நல்லாருக்கவ எப்படிப் படுக்க? எனக்கு அது தெரியாதே.”

ஹில்டா அவளிடம் பேசாமல் வீட்டுக்குப் போனாள். வேறு வழியில்லை. வீங்கிய முட்டியோடு மறுபடி நூற்றுப் பன்னிரண்டை முதுகில் ஏற்றினாள். வலி அடங்க மூன்று வாரம் பிடித்தது. அடங்கிய பிறகும் கோபம் அடங்கவில்லை. மார்ச் மாதம் முழுக்க அவள் கோபத்தைத்தான் தூக்கிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் வீட்டில் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, ஜெரால்டு தோசைத் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டார்.

“தை மாசம் நீ ஓய்வு எடுத்தியே, அப்ப வீட்டுல தண்ணி யார் பிடிச்சா?”

“நீங்க.”

“காய்கறிப் பை?”

“நீங்கதான். எதுக்கு இப்ப?”

“சும்மா கேட்டேன்” என்று அடுத்த தோசைக்குப் போனார்.

ஹில்டா தட்டைத் தொடாமல் இருந்தாள். தன் ஓய்வுக்குப் பின்னால் ஒரு சம்பளமும் ஒரு புருஷனும் இருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. பேச்சியின் புருஷன் செத்து ஒன்பது வருடம். ‘ஓய்வு’ என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஓய்வு எங்கிருந்து வரும் என்று அவளும் கேட்கவில்லை, டாக்டரும் கேட்கவில்லை.

ஏப்ரலில் பள்ளி விடுமுறை விட்டதும் அவள் பேச்சியின் வீட்டைத் தேடிப் போனாள். ஒரே அறை, முன்னால் தகரக் கூரை. பேச்சி பதறி எழுந்தாள்.

“எட்டு வாரம்” என்றாள் ஹில்டா. “பெட்டி, சட்டி, குடம், எதுவும் தூக்கக் கூடாது. சோத்துப் பானையக்கூடப் பக்கத்து வீட்டுல யாரையாவது இறக்கச் சொல்லு.”

“உப்பு சீசன்ல எட்டு வாரமா? என் எடத்துக்கு வேற ஆள் போட்ருவாங்க டீச்சர்.”

“வேற ஆள் நான்தான். ஆறு வாரம் லீவு இருக்கு. ரெண்டு வாரத்துக்கு எழுதிக் குடுத்துட்டேன். கூலி உனக்கு.”

பேச்சி அவளையே பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. “வேண்டாம் டீச்சர், செத்துருவிய.”

நூற்றுப் பன்னிரண்டு கிலோவோடு உட்கார்ந்து எழுகிறவளுக்கு முப்பது கிலோ ஒரு பாரமா என்றுதான் ஹில்டாவும் நினைத்தாள். முதல் நாள் நாற்பத்தோராவது நடையில் வரப்பில் வழுக்கி, உப்போடு பாத்திக்குள் உட்கார்ந்தாள். ஜிம்மில் எட்டுத் தடவை தூக்கிவிட்டு மூன்று நிமிடம் நிற்கலாம். இங்கே நிற்க முடியாது, பின்னால் வருகிறவளின் பெட்டி முதுகில் இடிக்கும். கழுத்தும் கெண்டைக்காலும், பாதத்தின் ஓரத்தில் பெயர் தெரியாத ஏதோ ஒரு தசையும் திணறின. ஐந்து வருடமாக இரும்பு தொடாமல் விட்ட இடங்கள் எத்தனை என்று ஹில்டாவுக்கே வியப்பாக இருந்தது. அன்று வலித்த இடங்களையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டாள். உப்பளத்துப் பெண்கள் முதலில் அவள் புஜத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். மூன்றாம் நாள் ஒருத்தி சும்மாட்டை அவிழ்த்துச் சரியாகச் சுற்றிக் கொடுத்தாள். “நெஞ்ச நிமித்தாதிய. பாரத்துக்குக் கீழ ஒழுங்காப் போங்க” என்றாள்.

இரண்டாம் வாரப் பரிசோதனையில் இரண்டு பேருக்கும் தேவையானதைவிடக் கொஞ்சம் கூடவே மருந்து இருந்தது. டாக்டர் போனில் வியந்தார். “முப்பது கிலோவுலயா? உங்க கோட்டுப்படி வரவே கூடாதே.”

“ஜிம்முல கத்துக்கிட்டது வேற, இது வேற போல டாக்டர். பாரம் புதுசா இருந்தா மறுபடி திணறுதோ என்னவோ. இன்னும் ஆறு வாரம் பார்த்துட்டுத்தான் சொல்லுவேன்.”

பேச்சிக்குத்தான் நாள் நகரவில்லை. முதல் வாரம் உப்பளத்துக்கே வந்து குடைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, ஹில்டா பெட்டி அள்ளுவதில் குறை சொன்னாள். இரண்டாம் வாரம் தெருவிலிருந்த எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் பேன் பார்த்தாள். மூன்றாம் வாரம், கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை, பெட்டி தூக்குவதே மேல் என்று அழுதாள். அதன்பிறகு உப்பளத்துப் பக்கம் வரவில்லை.

ஏழாவது வார வெள்ளிக்கிழமை பிளாஸ்மா ஏற்றுகிற நாள். இந்தத் தடவை பேச்சிக்கு ஏற்றிய மருந்தையெல்லாம் குறித்து வைத்திருந்தார்கள்; அன்றைய ரத்தத்தில் அதைக் கழித்துப் பார்த்தால்தான் அவள் தசை மறந்துவிட்டதா இல்லையா என்பது தெரியும். ஹில்டா உப்பளத்தில் காலை நடைகளை முடித்துக்கொண்டு, உப்புப் பூத்த புடவையோடு பேச்சி வீட்டு வாசலில் ஆட்டோவில் போய் இறங்கினாள். நடுப்பகல். கதவு திறந்திருந்தது. பேச்சி சிமெண்டுத் தரையில், தலைக்குக் கையை மடித்து வைத்து, வாயைத் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தாள். மேலே மின்விசிறி ஓடியது. வீக்கமில்லாத பாதங்கள். வெடிப்புகள் பாதிக்கு மேல் ஆறியிருந்தன.

“பேச்சி” என்று கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

போன் அதிர்ந்தது. வெளியே வந்து எடுத்தாள்.

“எங்க டீச்சர் இருக்கீங்க? படுக்கை ரெடியா இருக்கு. ரிசல்ட் தெரிய எனக்கே ஆசையா இருக்கு.”

“எனக்கும்தான் டாக்டர்.” ஹில்டா உள்ளே திரும்பிப் பார்த்தாள். “ஆனா அவ தூங்குறா. நாளைக்கு வாரோம்.”

“எழுப்பக் கூடாதா?”

“கூடாது.”

ஆட்டோவை அனுப்பிவிட்டு வாசலில் நின்றாள். தெருமுனையில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. வீடுகளிலிருந்து பெண்கள் குடங்களோடு ஓடினார்கள். பேச்சியின் சுவரோரம் நான்கு பிளாஸ்டிக் குடங்கள் காலியாகக் கவிழ்ந்திருந்தன. ஹில்டா சத்தமெழாமல் அவற்றை எடுத்துக்கொண்டுபோய் வரிசையில் நின்றாள்.

முன்னால் நின்றவள் குடம் நிரம்பியதும் திரும்பி, அந்தத் தோளையும் உப்புக் கறையையும் மூக்குக்கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீங்க யாரு? இந்தத் தெருவுல பாத்ததில்லயே.”

“பேச்சிக்குப் பதிலா வந்திருக்கேன்” என்று ஹில்டா குடத்தைக் குழாய்க்கு நேரே பிடித்தாள்.